மூணு வயர்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? உன் தம்பி பொண்டாட்டி உன்னை மிகவும் விசாரித்தாள். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள்.

ஒரு செய்தி. எங்கள் கம்பெனி புதிதாக ஒரு தொழிற்சாலை கட்டப்போகிறது. பிறந்த குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர், இதயத் துடிப்பு காட்டும் மானிட்டர், இதெல்லாம் அங்கேதான் தயாராகும். ஐந்து நகரங்கள் பட்டியலில் இருக்கின்றன. அதில் ஒன்று நம் ஊர். எந்த ஊர் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நம் ஊர் மாநகராட்சி கமிஷனர் அலுவலகத்திலிருந்து வழவழ காகிதத்தில் ஒரு புத்தகம் வந்தது. எல்லாப் பக்கத்திலும் யாராவது சிரிக்கிறார்கள். இப்படிப்பட்ட புத்தகங்களை நான் நம்புவதில்லை. நீ அந்த மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாகக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸாக இருக்கிறாய். உனக்குத் தெரியாதது அந்த ஊரில் என்ன இருக்கிறது? உள்ளதை உள்ளபடி எழுது. போனில் வேண்டாம், பாதியில் யாராவது கூப்பிட்டால் வைத்துவிட்டு ஓடிவிடுவாய். கடிதத்தில்தான் உன் வாய் முழுசாகத் திறக்கும்.

நீ எழுதுவது நம் இருவருக்குள்தான் இருக்கும். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

—

ஜனவரி 27

தம்பிக்கு, அக்கா எழுதறது.

இங்க எல்லாரும் சுகம். உன் அத்தான் முழங்காலைப் பத்திக் கேட்டிருந்தே. மழை வரப்போகுதுன்னா அதுக்கு முந்தின நாளே தெரிஞ்சுடுது. அதனால அவர் அதை வைத்தியர்கிட்டக் காட்ட மாட்டேங்கறார், வீட்டுக்கு உபயோகமா இருக்காம். செல்லத்துக்குப் பல் முளைக்கற வரைக்கும் கெட்டியான பண்டம் எதுவும் குடுக்காதே.

நம்ம ஊரு வளருதுன்னு புத்தகத்துல போட்டிருக்கானா? வளருது, வளருது. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி குப்பை மேடு வளர்ந்து, பக்கத்து வீட்டுக்காரி மாடியில துணி காயப்போடறதையே விட்டுட்டா. பாலத்துச் சுவர் பூரா 'மருத்துவக் கருவிகளின் தலைநகரம்'னு எழுதி, பக்கத்துல ஒரு ஆள் படம் வரைஞ்சிருக்கான். மார்பு திறந்து இதயம் தெரியுது. இதயம் வலது பக்கத்துல இருக்கு. நான் தினம் அந்தப் பாலத்துல போறேன். தினம் வயிறு எரியுது. ஒரு ஊருல ஒரு டாக்டர்கூடவா அந்தப் பக்கமாப் போகலை?

கமிஷனர் புத்தகம் அனுப்பினார்னு எழுதியிருந்தே. அவருக்கு நாங்க வார்டுல வெச்சிருக்கற பேரு கத்தரிக்கோல். பேரு வெச்சது நான்தான். ரிப்பன் வெட்டறதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேற வேலை இருக்கறதா எனக்குத் தெரியலை. சொந்தமா ஒரு கத்தரி வெச்சிருக்கார், வெல்வெட் பெட்டியில. டிரைவர் அதை மடியில வெச்சுக்கிட்டே வண்டி ஓட்டறான். போன மாசம் எங்க ஆஸ்பத்திரி லிஃப்டைத் திறந்து வெச்சார். வெட்டிட்டு, கை தட்டல் வாங்கிட்டு, படியில ஏறிப் போனார். லிஃப்ட் ஓடலை.

கருவி நகரமாம். மூணாவது மாடி வராந்தாவுக்கு வந்து பாரு. ஓடாத மெஷினுங்க எல்லாம் நோயாளிங்க மாதிரி வரிசையா நிக்குதுங்க. பார்க்க வர்றவங்க அது மேல ஈரத் துண்டைக் காயப்போடறாங்க.

சிரிக்காம ஒரு விஷயம் கேளு. என் வார்டுல அஞ்சு வார்மர் இருக்கு. அஞ்சும் உங்க கம்பெனிதான். ரெண்டுதான் ஓடுது. மத்த மூணுல மெஷின் நல்லாவே இருக்கு, குழந்தை வயித்துல ஒட்டற சென்சார் வயர் மட்டும் போயிடுச்சு. குழந்தைக்கு எவ்வளவு சூடு வேணும்னு மெஷினுக்குச் சொல்றது அந்த வயர்தான். அது இல்லைன்னா மெஷின் கத்தும், சூட்டைக் குறைச்சுக்கும். பக்கத்துலேயே ஒருத்தி நின்னு கையால கூட்டிக் குறைக்கணும். அந்த ஒருத்திக்கு நான் எங்க போவேன்? அதனால ஓடற ஒரு வார்மர் மேசையில ரெண்டு குழந்தையைப் படுக்க வெக்கறோம். உங்க ஏஜெண்டுக்கு எழுதி எழுதி எனக்குக் கை ஓஞ்சு போச்சு. நீ அங்கேயே உக்காந்திருக்கே. மூணு வயரை ஒரு கவர்ல போட்டு அனுப்பிடு.

அவளுக்கும் செல்லத்துக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

—

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டிலும் படித்துக் காட்டினேன். லிஃப்டைத் திறந்துவிட்டுப் படியேறிய கதையை அவள் இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். கத்தரிக்கோல் என்ற பேர் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

ஆயிரம் அறிக்கை படித்தாலும் இப்படி ஒரு ஊர் கண் முன்னால் வராது. இன்னும் எழுது, அக்கா. மின்சாரம் எப்படி? தண்ணீர்? ஊருக்குக் கிழக்கே நாற்பது ஏக்கர் ஒதுக்கியிருப்பதாகப் புத்தகத்தில் இருக்கிறது, அந்த நிலம் எப்படிப்பட்டது? மாதிரித் தூய்மை அறை ஒன்று கட்டியிருக்கிறார்களாமே, தூசி தும்பு இல்லாமல் கருவிகளைப் பொருத்துவதற்கு? அதை யாராவது பார்த்திருக்கிறார்களா? கொஞ்சம் விவரமாக எழுதினால் எனக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. அத்தானின் முழங்காலுக்கு இந்த ஊர் ஆகாது. உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி

—

மார்ச் 2

தம்பிக்கு,

இங்க சுகம். வயர் இன்னும் வந்து சேரலை. தபால்ல இருக்கும்னு நினைச்சுக்கறேன். தபால்காரரை வாசல்லயே நிறுத்தி ரெண்டு தரம் கேட்டாச்சு, அவர் இப்போ எங்க தெருவுக்கு வர்றப்போ தலையைக் குனிஞ்சுக்கறார்.

தூய்மை அறையைப் பத்திக் கேட்டே. நான் கண்ணால பார்த்தேன். திறப்பு விழாவுக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து பத்து நர்ஸுங்களை அனுப்பணும்னு உத்தரவு. கூட்டம் காட்டணுமே. கண்ணாடிச் சுவர், வெள்ளைத் தரை, நல்லாத்தான் கட்டியிருந்தாங்க. அதைக் கட்டின இன்ஜினியர் பையன் வாசல்ல ஒரு பெட்டி நிறைய காலுறை, தலைக்கு உறை எல்லாம் வெச்சுக்கிட்டு நின்னான். கத்தரிக்கோல் வந்தார். அந்தப் பையனைக் கையால ஒதுக்கிட்டு, செருப்புக் காலோட உள்ள போனார். பின்னாடியே ஊரு மொத்தமும் போச்சு. உள்ளதான் ரிப்பன். உள்ளதான் போட்டோ. உள்ளதான் டீ. வெள்ளைத் தரை வழுக்குதுன்னு யாரோ சொன்னதும் ஒரு பழைய கம்பளத்தைக் கொண்டு வந்து விரிச்சாங்க. ஒரு தட்டு தட்டினா அதுலேர்ந்து ஒரு மூட்டை புழுதி வரும். தூசி இல்லாத அறைன்னு பேசிக்கிட்டே பிஸ்கட்டைக் கடிச்சுத் தூளைச் சட்டையிலேர்ந்து தட்டி விட்டார். இன்ஜினியர் பையன் கண்ணுல தண்ணி. நான் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், வெளியில நின்னுதான் குடிச்சான்.

நாற்பது ஏக்கர் நிலம்னா அந்தக் கிழக்குப் பள்ளம்தான். மழை பெஞ்சா ரெண்டு மாசம் தண்ணி நிக்கும். இப்போ பலகை நட்டிருக்காங்க, பாதிப் பலகை தண்ணிக்குள்ள இருக்கு. மின்சாரம் சொல்லிக்காமப் போகும், சொல்லிக்காம வரும். எங்க ஜெனரேட்டருக்கு மூணு தள்ளு தள்ளினாத்தான் மூச்சு வரும். இவனுங்க வெறுங்கையால முழம் போடறதுல கெட்டிக்காரனுங்க, அது ஒண்ணுக்கு வேணும்னா தொழிற்சாலை வெக்கலாம்.

வயர் விஷயத்தை மறந்துடாதே. போன வாரம் ஒரு மேசையில ரெண்டு பேரைப் படுக்க வெச்சோம். ஒண்ணுக்குக் காய்ச்சல் கண்டுது. விடியறதுக்குள்ள அடுத்ததுக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டும் பொழைச்சுதுங்க. அதுக்காக நான் என் சாமர்த்தியம்னு சொல்லிக்க மாட்டேன். அடுத்த தடவையும் பொழைக்கும்னு எனக்கு எவனும் எழுதிக் குடுக்கலை. பயமா இருக்கு, தம்பி. பெத்தவளுங்க ஜன்னல்லேர்ந்து என் முகத்தையே பார்க்கறாளுங்க, நான் சிரிக்க வேண்டியிருக்கு.

உங்க கம்பெனியில உனக்கு இருக்கற மதிப்புக்கு மூணு வயர் ஒரு விஷயமா? அனுப்பு.

அக்கா

—

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நலம்தான், ஆனால் மூச்சுவிட நேரமில்லை. கமிஷனரும் அவருடைய ஆட்களும் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். நம் ஊரைப் பற்றி என் அறிக்கையை வைத்தேன். அசந்துபோனார்கள். தாங்கள் அனுப்பிய புத்தகத்தை நாங்கள் வேதமாக எடுத்துக்கொள்வோம் என்று நினைத்து வந்தவர்கள். தூய்மை அறை, கிழக்குப் பள்ளம், ஜெனரேட்டர் என்று நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, கமிஷனரின் முகத்தில் ஈயாடவில்லை. முடிவில் நிலம் இலவசம், வரி பதினைந்து வருஷத்துக்கு இல்லை, மின்சாரத்துக்குத் தனிக் கம்பி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். எங்கள் தலைவர் என் தோளைத் தட்டினார். இரவு விருந்து அருமையாக இருந்தது. கமிஷனர் நேரில் பார்க்க அவ்வளவு மோசமில்லை, கலகலவென்று பேசுகிறார்.

வயர் பற்றிக் கேட்டிருந்தாய். விசாரித்தேன். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், அதற்கான உதிரி பாகங்கள் இப்போது செய்வதில்லை. புது மாடல் வாங்கும்படி ஆஸ்பத்திரியைக் கேட்டுக்கொள்வதுதான் நல்லது. நானும் சொல்லி வைக்கிறேன். தொழிற்சாலை மட்டும் வரட்டும், உன் வார்டு வாசலிலேயே வார்மர் கிடைக்கும்.

அத்தானின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் இருக்கிறது, யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி

—

மே 30

தம்பிக்கு,

சுகம். உங்க எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டிக்கறேன்.

ஊரு நல்லா இருக்கு. கமிஷனர் நல்லவர். மின்சாரம், தண்ணி, எல்லாம் நல்லா இருக்கு. என்னைக் குழந்தைங்க வார்டுலேர்ந்து எடுத்து, கீழ் தளத்துல துணி அறைக்குப் போட்டிருக்காங்க. வேலை ஒண்ணும் கஷ்டமில்லை. சலவையிலேர்ந்து வர்ற துண்டு, விரிப்பு எல்லாத்தையும் மடிச்சு, தள்ளு வண்டியில அடுக்கி வார்டுங்களுக்கு அனுப்பணும். ஜன்னல் இல்லை. அதனால தூசி வர்றதில்லை.

தைலம் வேண்டாம். வயரும் வேண்டாம்.

அக்கா

—

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் இத்தனை சின்னதாக வந்தது இதுதான் முதல் தரம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? துணி அறைக்கு மாற்றியதைப் பற்றி எழுதியிருந்தாய். ஒருவகையில் நல்லதுதான். உன் வயதில் கொஞ்சம் உட்கார்ந்து வேலை பார்ப்பது தப்பில்லை. நீயாக எப்போது ஓய்வு எடுத்திருக்கிறாய்?

ஜூலை இருபத்து நாலாம் தேதி நம் ஊரில் மருத்துவக் கருவிக் கண்காட்சி. எங்கள் கம்பெனி அரங்குதான் பெரியது. நான்தான் தலைமை விருந்தாளி. எனக்கே நம்ப முடியவில்லை. முன்வரிசையில் உனக்கும் அத்தானுக்கும் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். கட்டாயம் வர வேண்டும். நீதான் என்னை வளர்த்தாய் என்று மேடையில் சொல்லப்போகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கமிஷனர் எதிரில் வந்தால் சிரித்த முகமாக ஒரு வணக்கம் சொல்லிவிடு. பழைய பட்டப்பேர் எதுவும் அங்கே வேண்டாம். அன்று விருந்தில் பேச்சுவாக்கில் நானும் விளையாட்டாக ஏதாவது சொல்லியிருப்பேன். பெரிய மனிதர்கள் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

—

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

நீ பத்திரமாப் போய்ச் சேர்ந்திருப்பே. கண்காட்சி முடிஞ்ச கையோட விமானம் ஏறிட்டே, வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை. பரவாயில்லை. உன் அத்தான் மட்டும் வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருந்தார்.

மே மாசம் எழுதாததை இப்போ எழுதறேன். கமிஷனர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசை மேல அந்த வெல்வெட் பெட்டி. கோபமெல்லாம் படலை, சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "கத்தரிக்கோல்னு எனக்குப் பேர் வெச்சது நீங்கதானாமே, சிஸ்டர்?" அப்புறம் லிஃப்ட், கம்பளம், பிஸ்கட் தூள், எல்லாத்தையும் நான் எழுதின வரிசையிலேயே சொன்னார். என் வாயிலேர்ந்து உன் காதுக்கு மட்டும்னு போன வார்த்தை, அந்தாள் வாயிலேர்ந்து என் காதுக்குத் திரும்பி வந்துது. நான் நின்னுக்கிட்டே கேட்டேன். உள்ளுக்குள்ள ஒரே ஒரு நினைப்புதான் ஓடுச்சு: என் தம்பி விருந்துல என்னைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டிருக்கான்.

சரி, கண்காட்சிக்கு வருவோம். நீ மேடையில இருந்தே. கீழ நடந்தது உனக்குத் தெரியாது.

நான் வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். உன் அத்தான்தான், வளர்த்த பிள்ளை கூப்பிடறான், போய்ட்டு வான்னார். உங்க அரங்கு ஜோராத்தான் இருந்துது. மூணு புது வார்மர், பச்சை, நீலம், மஞ்சள். ஒவ்வொண்ணுலயும் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. மெஷின் ஓடாத ஊருல, மெஷினுங்க எல்லாம் பொம்மைக்குச் சூடு காட்டக் காத்துக்கிட்டிருந்துது. பொம்மை வயித்துல வயர் ஒட்டியிருந்துது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதே முனை. அதே மூணு பின். செய்யறதையே நிறுத்திட்டாங்கன்னு நீ எழுதினியே, அதே வயர். புதுசா, சுருள் கலையாம.

எனக்கு அழுகை வரலை. சிரிப்புதான் வந்துது. ஒரு கவர், ஒரு தபால்தலை. அவ்வளவுதான் கேட்டேன். அதுக்கு ஒரு பொய்யைத் தேடிப் பிடிச்சிருக்கியே, அந்தத் தேடற நேரத்துக்கு எழுந்து போய் எடுத்து அனுப்பியிருக்கலாமேடா.

கத்தரிக்கோல் ரிப்பன் வெட்ட வந்ததும் கூட்டம் மொத்தமும் போட்டோவுக்கு அந்தப் பக்கம் திரும்புச்சு. உங்க அரங்குப் பொண்ணுகூடத் தலையைச் சரி பண்ணிக்கிட்டு அங்க ஓடிட்டா. எனக்கு அவசரமே இல்லை. பச்சையிலேர்ந்து கழற்றினேன், நீலத்துலேர்ந்து கழற்றினேன், மஞ்சள்லேர்ந்து கழற்றினேன். கைப்பையில போட்டு, கைக்குட்டையை மேல வெச்சு, முன்வரிசையில வந்து உக்காந்தேன். உன் அத்தான் பார்த்துட்டார். மஞ்சள் பொம்மையோட போர்வை கலைஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னார். போய்ச் சரி பண்ணிட்டு வந்தேன்.

அப்புறம் நீ வந்து சுவிட்சைப் போட்டே. மூணு மெஷினும் சேர்ந்து கத்துச்சு. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நீ பொம்மை வயித்தைப் பார்த்தே, என் கைப்பையைப் பார்த்தே. ஒரு நொடி எனக்கே பாவமா இருந்துது. ஆனா நீ கெட்டிக்காரன். மைக்கை எடுத்து, "இதுதான் எங்கள் பாதுகாப்பு ஒலி, குழந்தைக்கு ஒரு சின்ன ஆபத்து என்றாலும் எங்கள் மெஷின் ஊரையே கூட்டிவிடும்" அப்படின்னே. கை தட்டினாங்க பாரு, கூரை அதிர. கத்தரிக்கோல்தான் முதல்ல எழுந்து நின்னு தட்டினார். இந்த ஊரும் நீயும் ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு பொருத்தம்னு எனக்கு அப்போதான் விளங்குச்சு.

நான் தட்டலை. கை பையைப் பிடிச்சிருந்துது.

மறுநாள் காலையில துணி வண்டி மேல போச்சு. குழந்தைங்க வார்டுக்குப் போற துண்டு மடிப்புல மூணு வயர். வார்டுல இப்போ இருக்கற நர்ஸ் என்கிட்ட வேலை கத்துக்கிட்டவ. திரும்பி வந்த வண்டியில ஒரு சீட்டுகூட இல்லை. அழுக்குத் துண்டுங்களுக்கு மேல மூணு பழைய வயர் மட்டும் சுருட்டி வெச்சிருந்துது. எனக்குப் புரிஞ்சுது.

செல்லத்தைக் கேட்டதாச் சொல்லு. பல் முளைச்சுதா?

அக்கா

—

செப்டம்பர் 12

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். தாங்களும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன்.

கம்பெனி இறுதி முடிவு எடுத்துவிட்டது. வேறொரு நகரம் தேர்வாகியுள்ளது. நம் ஊரில் கிடைத்த சலுகைகளைக் காட்டித்தான் அங்கே அதைவிட நல்ல ஒப்பந்தம் பேச முடிந்தது என்பதால், நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். கமிஷனருக்கு இன்னும் முறைப்படி தெரிவிக்கவில்லை. எனவே இது நமக்குள் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். கண்காட்சிக்குக் கொண்டுவந்த பொருட்களைத் திருப்பி எடுத்ததில் மூன்று சென்சார் வயர்கள் குறைகின்றன. என் பொறுப்பில் வந்த பொருள் என்பதால் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள். பதவி உயர்வு பேச்சு நடக்கும் நேரத்தில் இது தேவையில்லாத தலைவலி. தாங்கள் அவற்றைத் தபாலில் அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தங்களை மறுபடி குழந்தைகள் வார்டுக்கே மாற்றும்படி கமிஷனரிடம் பேச நான் தயார். நான் சொன்னால் அவர் தட்ட மாட்டார், அதுவும் முடிவு அவருக்குத் தெரியவரும் முன்பு பேசினால் நிச்சயம் நடக்கும். வயர்கள் கைக்கு வந்ததும் பேசுகிறேன். யோசித்துச் சீக்கிரம் எழுதவும்.

அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி

—

செப்டம்பர் 25

தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கு. நேத்துலேர்ந்து வலிக்குதுங்கறார், மழை வரும். கிழக்குப் பள்ளத்துல உங்க பலகை இன்னும் நிக்குது. கத்தரிக்கோல் அங்க பூமி பூரா ரிப்பன் கட்டி வெச்சுக்கிட்டு உங்க லாரி எப்போ வரும்னு பார்த்துக்கிட்டிருக்கார். நீ முறைப்படி தெரிவிக்கற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்பார். அந்தாள் மேல எனக்கு இருந்த கோபமெல்லாம் போயிடுச்சு. அவர் ஊரை ஏமாத்தறதா நினைச்சுக்கிட்டுத் தானே ஏமாந்து நிக்கற ஆள். உன் பக்கத்துல வெச்சா அவர் குழந்தை.

வார்டுக்குத் திரும்பிப் போகணும்னு எனக்கு ஆசை இல்லைன்னு சொன்னா அது பொய். துணி அறையில ஜன்னல் இல்லை. மேல குழந்தை அழுதா இங்க கேக்காது. கேக்குதான்னு தினம் கொஞ்ச நேரம் கையை நிறுத்திட்டு நிப்பேன். துண்டு மடிச்சு மடிச்சு விரல் நுனி எல்லாம் காஞ்சு போச்சு. இந்த ரெண்டு கையும் இத்தனை வருஷமா எதைத் தொட்டு வந்துதுன்னு உனக்குத் தெரியும். அது தெரிஞ்சுதான் நீ அந்த விலையைச் சொல்லியிருக்கே. நல்லா பேரம் பேசக் கத்துக்கிட்டே.

வயரைத் தபால்ல அனுப்ப முடியாது. அது மூணும் வேலையில இருக்கு. கண்காட்சிக்கு மறுநாள்லேர்ந்து எங்க வார்டுல ஒரு மேசைக்கு ஒரு குழந்தைதான். நீல விளக்குப் பக்கத்துல இருக்கறது டைல்ஸ் ஒட்டறவரோட பொண்ணு, உள்ளங்கையில அடங்கும், ஆனா குரல் மட்டும் உங்க பாதுகாப்பு ஒலியைத் தோற்கடிக்கும். நடுவுல இருக்கறது ஒரு பையன், ரெட்டைப் பிள்ளையில பொழைச்ச ஒண்ணு. கதவோரம் இருக்கறதுக்கு இன்னும் பேர் வெக்கலை. அவங்க அம்மா பயந்துக்கிட்டு வெக்கலை, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்புறம் வெப்பாளாம். மூணு பேர் வயித்துலயும் ஆளுக்கொண்ணு ஒட்டியிருக்கு.

உனக்குக் கண்டிப்பா வேணும்னா, விமானம் ஏறி வா. வழி உனக்குத் தெரியும், மூணாவது மாடி, லிஃப்ட் ஓடாது, படியில வா. எந்தக் குழந்தையோடதை முதல்ல கழற்றணும்னு நீயே பார்த்து, நீயே கழற்றிக்கோ. ஜன்னல்ல நிக்கற அந்த அம்மாகிட்ட என்ன சொல்லணும்னும் நீயே யோசிச்சுக்கோ, மைக்குல பேசற ஆள் நீ.

வர்றப்போ கையைக் கழுவிட்டு வா. செருப்பை வெளியவே விட்டுடு.

அக்கா